சுடுகம்பி

சக்கரபாணிக்குப் பக்கவாதம் வந்த நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் மனைவி ருக்குமணி பின்னறையைப் பெருக்கப் போனாள். அவர் பாதியில் விட்ட தெர்மாகோல் மலை அங்கே பிளைவுட் பலகையின் மேல் தூசி படிந்து நின்றது. பொம்மை ரயில் நுழைந்து வெளியே வருவதற்காக அதில் ஒரு குகை வெட்டியிருந்தார். துடைக்கலாம் என்று துணியோடு குகைக்குள் கையை விட்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் பேப்பரில் மடித்த பொட்டலம். உள்ளே இருபத்தேழு மாத்திரைகள்.

ராத்திரி தூக்கத்துக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவை. தினமும் அவளே அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தவை. சிலவற்றின் ஓரம் எச்சிலில் கரைந்து மழுங்கியிருந்தது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன வலது கை மடியில் கிடந்தது. இடது கை அதைத் தொடாமல் தள்ளி, நாற்காலிக் கையின் மேல் இருந்தது.

"இன்னாங்க இது?"

அவர் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெனம் என் கையால குடுத்தேனேங்க. கன்னத்துல அடக்கி வெச்சிகினு, நான் அந்தாண்ட போனதும் துப்பிச் சேத்துகினு இருந்தீங்களா?"

வாய் ஒரு பக்கம் இழுத்தது. சொல்ல வந்த சொல் கிடைக்காமல் கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. அந்த நோய் அவருக்குக் கை காலை மட்டும் எடுக்கவில்லை. சொற்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. என்ன வேண்டும் என்பது தெரியும், அதன் பெயர் வராது.

"போ… தும்" என்றார் கடைசியில்.

ருக்குமணி அழவில்லை. பொட்டலத்தைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். வீட்டிலிருந்த கத்தி, பிளேடு, அரிவாள்மனை, தையல் கத்தரி எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தான் குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்தவில்லை. சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் இசைப்பிரியா சாயங்காலம் போன் செய்தபோது, "அப்பா நல்லா இருக்காரும்மா, இப்பதான் சாப்ட்டாரு" என்றாள்.

சக்கரபாணிக்கு நாற்பத்தெட்டு வயது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டித் தள்ளும் பெரிய சக்கர இயந்திரத்தில் ஆப்பரேட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஷிப்டு ஆட்களோடு குன்னூருக்குப் போனவர் மலை ரயிலில் ஏறி இறங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அதே பேச்சு. யூடியூபில் எங்கெங்கோ இருப்பவர்கள் வீட்டுக்குள் சின்ன ரயிலும் மலையும் செய்வதைப் பார்த்து இவரும் ஆரம்பித்தார். குவார்ட்டர்ஸின் பின்னறையில் கட்டில் அளவுக்குப் பலகை போட்டு, தெர்மாகோல் ஷீட்டை வளைவு வளைவாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மலையை ஏற்றினார். ஏழு அடுக்கு ஏறியிருந்தது. பெயிண்ட் அடிப்பதும் மரம் நடுவதும் மிச்சம். லீவு நாளில் காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். இந்தப் பித்தைப் பற்றி பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். ருக்குமணிக்கு அது ஒருபோதும் புரிந்ததில்லை. வீடெல்லாம் வெள்ளைத் துகள் பறக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறாள்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு கால் கம்பை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கும் வந்தார். கை மட்டும் வரவில்லை.

பொட்டலம் கிடைத்த மறுநாள் கைப்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் சத்யாவிடம் ருக்குமணி பொட்டலத்தைக் காட்டினாள். சத்யா சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மனசுக்கென்று வேறு மருந்து எழுதினார், அதைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். ஆளைத் தனியாக விடக்கூடாது என்றார். வெளியே வந்ததும் சத்யா ருக்குமணியைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, முதல் அரை வருஷத்துல என்ன திரும்ப வருதோ அதுதான் பெரும்பாலும். நாலு மாசம் போயிடுச்சு. ரப்பர் பந்தக் குடுத்து அமுக்குங்க சார்னா அவர் என்னைப் பார்க்கக்கூட மாட்டேங்கறார். அது அவருக்கு வேலையாவே தெரியல. அவராக் கை வைக்கற மாதிரி ஒரு வேலை வேணும்."

"மலைதான் செஞ்சிகினு இருந்தாரு."

"அப்ப அதைக் குடுங்க."

"எப்பிடிம்மா குடுக்கறது? இடது கையால ஷீட்ட அமுக்கிகினு, வலது கையால பிளேடு போட்டு அறுப்பாரு. இப்ப அமுக்குனா அறுக்கக் கை இல்ல, அறுத்தா அமுக்கக் கை இல்ல. அதுவும் இந்த ஆளு கையில பிளேட நான் எப்பிடிக் குடுப்பேன்?"

அன்று மத்தியானம், அவர் படுத்திருந்தபோது, ருக்குமணி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து போனில் தேடினாள். தெர்மாகோல் அறுப்பது எப்படி. பிளேடு இல்லாமல் தெர்மாகோல் அறுப்பது எப்படி. வந்த படங்களில் ஒரு வெள்ளைக்காரன் பேனா மாதிரி ஒன்றைப் பிடித்து, நுனியில் சூடான கம்பியால் தெர்மாகோலை வெண்ணெய் போல வெட்டினான். பிளேடு இல்லை. ரத்தம் வராது. அதையே ஆர்டர் போட்டாள். வருகிற வரை அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கூரியர்காரனுக்கு நாளுக்கு இரண்டு முறை போன் செய்தாள். பிளாக்கில் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணிகள் மிஷின் மேல் குவிந்து கிடந்தன.

நான்காம் நாள் வந்தது. அவரைப் பின்னறைக்கு நடத்திக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, ஷீட்டை முன்னால் வைத்து, பேனாவை இடது கையில் கொடுத்தாள்.

அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். கம்பி சூடாகியது. ஷீட்டில் வைத்தார். இடது கைக்கு அந்தப் பழக்கம் இல்லை; நடுங்கியது. ஷீட் வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து மோவாயால் அமுக்கிப் பிடித்தார். மறுபடி வைத்தார். கம்பி கோட்டை விட்டு விலகிக் குடைந்துகொண்டு உள்ளே போய், ஒரு கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. ருக்குமணி ஷீட்டைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். மூன்றாம் முறை வைத்தபோது ஷீட் இரண்டாகப் போயிற்று.

பேனாவைச் சுவரில் எறிந்தார். அது உடைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மருந்தைக் கரைத்துக் கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைப் பல்லிடுக்கில் வைத்து நெம்பி ஊற்றினாள். முக்கால்வாசி கழுத்தில் வழிந்தது. பக்கத்து வீட்டு பரமசிவம், ரிட்டயரானவர், பேப்பரோடு வந்து துணைக்கு உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த அரை மணி நேரத்தில் அவள் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கலாம் என்று மிஷினில் உட்கார்ந்தாள். மிதித்தாளே தவிர, கண் துணியில் இல்லை. துணி மட்டும் ஊசிக்கடியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சட்டென்று காலை நிறுத்தினாள்.

ஊசி ஓரிடத்தில்தான் நிற்கிறது. மேலும் கீழும் போகிறதே தவிர இடம் மாறுவதில்லை. துணியைத்தான் நாம் நகர்த்துகிறோம். கழுத்து வளைவு தைக்கிறபோது, துணி மேல் ஒரு கையை வைத்துத் திருப்பினால் போதும்.

கம்பியை அவர் கையில் கொடுத்தது தப்பு. கம்பி நிற்க வேண்டும், ஷீட் நகர வேண்டும்.

பரண் மேல் பழைய தையல் மிஷினின் மேல்பலகை கிடந்தது. மிஷினே போய்விட்டது, பலகை மட்டும் மிச்சம். அதை இறக்கினாள். நடுவில் ஆணியால் ஓட்டை போட்டாள். ஓரத்தில் ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி, அதன் தலையிலிருந்து இன்னொரு சட்டத்தை ஓட்டைக்கு நேர் மேலே வருமாறு நீட்டி ஆணி அடித்தாள். மேல் சட்டத்திலிருந்து ஓட்டை வழியாகக் கீழே வரை ஒரு கம்பி, ஊசி மாதிரி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

கம்பிக்காக மந்தாரக்குப்பத்தில் மோட்டார் காயில் கட்டும் அய்யனாரிடம் போனாள். பரமசிவத்தைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் பறந்தாள்.

"ஹீட்டர் கம்பி குடுக்கறன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் அய்யனார். கையெல்லாம் வார்னிஷ். "ஆனா இன்னாத்துக்குக்கா? நீங்க கரண்டுல கை வெக்கற ஆளு இல்லியே. மெயின்ல நேரா குடுத்துடாதீங்க, ஆளே போயிடும். வீட்ல பேட்டரி இருந்தா அதுல குடுங்க. ரெண்டு நாள் கழிச்சி வாங்க, நானே பாத்துச் செஞ்சி தரேன். இன்னைக்கு ரெண்டு போர்வெல் மோட்டார் நிக்குது."

"ரெண்டு நாள் ஆவாதுங்க" என்றாள் அவள்.

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு முழம் கம்பியை வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார். முடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியின் பேட்டரியைக் கழற்றினாள். அதை எப்படிக் கழற்றுவது என்று போனில் பார்த்துப் பார்த்துக் கழற்றினாள். கம்பியை மேலும் கீழும் ஆணியில் இறுக்கிச் சுற்றினாள். ஒயரை முறுக்கினாள். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, இத்தனூண்டு கம்பி. ஒன்றுக்கொன்று சேருமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"வாங்க" என்று கூப்பிட்டாள். "இந்த ஒரு தபா வாங்க. புடிக்கலன்னா நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

அவர் வரவில்லை. அவளே நாற்காலியோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். பலகைக்கு முன்னால் நிறுத்தி, அவர் வலது கையைத் தூக்கி ஷீட்டின் மேல் வைத்தாள், கனத்துக்கு இருக்கட்டும் என்று. ஒயரைப் பேட்டரியில் வைத்தாள்.

கம்பி உடனே சிவந்தது. அடுப்புக் கனல் மாதிரி சிவப்பு. அவள் ஷீட்டைத் தள்ளியதும் புகை கிளம்பியது. கண்ணும் தொண்டையும் எரிகிற கரும்புகை. தெர்மாகோல் அறுபடவில்லை, உருகிச் சுருங்கிப் பள்ளம் பள்ளமாக ஓடியது. சூட்டில் நீண்ட கம்பி தொய்ந்து வளைந்தது. அவள் இருமிக்கொண்டே ஒயரை எடுக்கப் போவதற்குள் கம்பி டப்பென்று நடுவில் அறுந்தது.

ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். திறந்துவிட்டுத் திரும்பியபோது வேறொரு வாடை வந்தது. முடி கருகுகிற வாடை.

அறுந்த கம்பியின் மேல் துண்டு, விழுந்த சூட்டிலேயே சுட்டுவிட்டு, அவர் வலது கைப் புறங்கையில் படுத்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை.

அவள் கத்தியபோதுதான் அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். இடது கையால் கம்பியைத் தட்டிவிட்டார். புறங்கையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. வலி இல்லாத முகத்தோடு அதையே பார்த்தார், வேறு யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல.

தண்ணீர் ஊற்றினாள். மருந்து தடவினாள். அப்புறம் சமையலறைக்குப் போய், சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதான். தன்னால் ஆனது இதுதான். உணர்ச்சியில்லாத கையையும் சுட்டாயிற்று. அந்த மாத்திரைகளை டாக்டரிடம் கொடுத்திருக்க வேண்டாம், இரண்டு பேருக்கும் ஆகியிருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி நினைத்தது தான்தானா என்று அவளுக்கே பயமாகிவிட்டது. உடனே முகத்தைக் கழுவிக்கொண்டு, சத்யாவுக்குப் போன் செய்து, "எனக்கும் மனசு சரியில்லம்மா, நாளைக்கு நீ கொஞ்சம் சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள்.

பின்னறையிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினாள்.

சக்கரபாணி பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. நாலு மாதத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கோபம். அவள் அடித்த ஆணியைக் காட்டினார். கோணலாக நின்ற சட்டத்தைக் காட்டினார். அறுந்த கம்பியைக் காட்டினார்.

"இன்னாங்க?"

"ஆறு" என்றார்.

அவள் அவர் புறங்கையைப் பார்த்தாள். "ஆறிடுங்க. மருந்து போட்டுக்கேன் இல்ல, ரெண்டு நாள்ல ஆறிடும்."

இல்லை என்று தலையை ஆட்டினார். "ஆறு. ஆறு."

"ஆறு வேணுமா? மலையில ஆறு செய்யணுமா?"

பல்லைக் கடித்தார். பலகையை மறுபடி ஓங்கித் தட்டினார். இடது கையின் ஐந்து விரல்களையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். ஐந்து. அதற்கு மேல் விரல் இல்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த இடது கையாலேயே, மடியில் கிடந்த வலது கையைத் தூக்கினார். அதன் கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தினார்.

ஐந்தும் ஒன்றும்.

பிறகு தரையில் கிடந்த பேட்டரியைக் காட்டி, வேண்டாம் என்று கையை வீசினார்.

"ஆறு வோல்ட்டா?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவள் கவனிக்காதது போல இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் இயந்திரத்தோடு கிடந்தவருக்கு எந்தக் கம்பிக்கு எவ்வளவு என்பது தெரியாமலா போகும். சொல்லத்தான் வாயில்லை.

அதோடு அவர் விடவில்லை. எழுதும் பேனா வேண்டும் என்று சைகை காட்டினார். எழுதப் போகிறார் என்று நினைத்து நோட்டையும் எடுத்து வந்தாள். அவர் நோட்டைத் தள்ளிவிட்டார். பேனாவைப் பல்லில் கடித்து, இடது கையால் திருகினார். திருகு கழன்றது. பேனாவைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளிருந்து சின்ன ஸ்பிரிங் ஒன்று பலகையில் விழுந்து உருண்டது. அதை எடுத்து மேல் சட்டத்து ஆணிக்கும் அறுந்த கம்பிக்கும் நடுவில் வைத்துப் பிடித்து, இழுத்து விட்டுக் காட்டினார். கம்பி சூட்டில் நீண்டாலும் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், தொய்யாது. ஒயரை ஸ்பிரிங்கில் கொடுக்கக் கூடாது, அதற்குக் கீழே கம்பியிலேயே கொடுக்க வேண்டும். அதையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் வேறு இடத்தைத் தொட்டுக் கேட்டபோது, "முட்… டாள்" என்றார். ஆறு என்பதைத் தவிர அன்றைக்கு அவர் வாயில் வந்த சொல் அது ஒன்றுதான்.

அந்தத் திட்டைக் கேட்டதும் ருக்குமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் சாப்பிட்டார். நாலு வாய் இட்லி. கரைத்த மருந்தைக் குடித்தார். அவள் முன்னால் வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். அவள் கேட்கவில்லை, அவராகவே.

மறுநாள் சத்யா புறங்கைப் புண்ணைச் சுற்றி விரலால் அமுக்கிப் பார்த்தாள். "உணர்வு இல்லாத கைங்க்கா இது. சூட்டுப் பக்கத்துல வெக்கவே கூடாது" என்றாள். ருக்குமணி தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். சிங்க்குக்கு முன்னால் நின்றபோது வந்த நினைப்பையும் சொன்னாள். சத்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீங்களும் டாக்டரப் பாக்கறீங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். கிளம்பும்போது, அந்தக் கட்டைவிரலை நிமிர்த்திய கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். "நாலு மாசத்துல அவரா அந்தக் கையைத் தொட்டது இதான் முதல் தடவைக்கா."

அய்யனார் ஆறு வோல்ட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டிக் கொடுத்தார். கால் மிதித்தால் மட்டும் கரண்ட் போகிற மாதிரி, பழைய தையல் மோட்டாரின் மிதி சுவிட்சையும் சேர்த்துவிட்டார். காலை எடுத்தால் கம்பி ஆறிவிடும். வீட்டுக்கே வந்து, சக்கரபாணி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காட்டக் காட்ட ஆணியைப் பிடுங்கி ஸ்க்ரூ போட்டார். கம்பி நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லி சக்கரபாணி மூன்று முறை கழற்ற வைத்தார்.

"இன்னா சார், மெஷினுக்கு அலைன்மெண்ட் பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்றார் அய்யனார்.

"அப்… டிதான்" என்றார் சக்கரபாணி.

இடது காலால் மிதித்தார். கம்பி சிவக்கவில்லை, பார்த்தால் சூடு இருப்பதே தெரியாது. ஷீட்டைத் தள்ளினார். உள்ளே போயிற்று. புகை இல்லை. மெல்லிய வாடை மட்டும், அதுவும் ஜன்னல் காற்றில் போய்விட்டது. ஒரு கையாலேயே திருப்பித் திருப்பித் தள்ளினார். ஒரு சாண் போனதும் இடது கை நடுங்கி வெட்டு கோணியது. காலை எடுத்தார். இப்போது எறிவார் என்று ருக்குமணி நினைத்தாள்.

எறியவில்லை. கோணிய இடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கி, கம்பிக்கு எட்டாத தூரத்தில், ஷீட்டின் பின்முனையில் வைத்தார். ஷீட் வழுக்காமல் நின்றது. மறுபடி மிதித்தார்.

அப்புறமும் நல்ல நாளும் கெட்ட நாளுமாகத்தான் போயிற்று. ஒருநாள் முழுக்க எட்டு ஷீட் பாழாகும், அன்றைக்கு யாரோடும் பேச மாட்டார். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நாட்களில் ருக்குமணி வேண்டுமென்றே ஒரு ஷீட்டைக் கோணலாக அறுத்துக்கொண்டு வந்து அவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் வைப்பாள். சில நாள் அது பலிக்கும். சில நாள் பலிக்காது.

சத்யா சொன்ன அரை வருஷமும் கடந்து போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைந்தன. தெர்மாகோல் ஓரத்தைக் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இனி இவ்வளவுதான் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அவர் அந்த இயந்திரத்தில் ஏற முடியாது என்று மெடிக்கல் போர்டும் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பினார்கள். மாலையில் பின்னறைக்குப் போனவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ருக்குமணி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கடைசியில் அவரே, "லைட்டு" என்றார்.

எட்டாவது மாதம் ஒரு மத்தியானம். தைத்துக்கொண்டிருந்தவள் அசதியில் அப்படியே பாயில் சாய்ந்தாள். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாலரை மணி. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பேச்சு இல்லை, இருமல் இல்லை, கம்பு ஊன்றுகிற சத்தம் இல்லை. மருந்துப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல், புடவை தடுக்கத் தடுக்க ஓடினாள்.

அவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கையின் இரண்டு விரல் ஷீட்டின் ஓரத்தைக் கிள்ளியிருந்தது. இடது கை தள்ளிக்கொண்டிருந்தது. பத்தாவது அடுக்கு, வளைவு பாதி முடிந்திருந்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பயந்… துட்டியா?"

"ஆமாங்க. சத்தமே இல்ல."

"கம்பி… சத்தம் வராது" என்றார்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். எட்டு மாதத்தில் அவர் முன்னால் அழுதது அன்றைக்குத்தான். அவர் அவளைத் தேற்றவில்லை. அவ்வளவு சொற்கள் அவரிடம் இல்லை. அழுது முடிக்கிற வரை காத்திருந்தார்.

"ருக்கு" என்றார் பிறகு.

நிமிர்ந்தாள்.

"ஷீட்டு… மேல உக்காந்துகினு… இருக்க."

எழுந்து பார்த்தாள். புது ஷீட், நடுவில் இரண்டாக ஒடிந்திருந்தது.